வலிவாங்கி அண்ணாச்சியும் எங்கள் கிணற்றுக் கப்பியும்

வலியைக் கண்டு ஓடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வலியோடு குடித்தனம் நடத்துகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வலியைத் தேடிப் புறப்பட்ட மனிதர், எனக்குத் தெரிந்து தென்காசி தாலுகாவிலேயே ஒருவர்தான். ஊரிலுள்ள வலிக்கெல்லாம் தைலம் வைத்திருந்த அவர், தம்மால் பிறருக்கு உண்டாகும் எரிச்சலுக்கு மட்டும் இன்றுவரை ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்தது. அதற்கு வெளியே அது புழங்கவில்லை. ஊருக்கு அவர் வலிவாங்கி அண்ணாச்சி. முகத்துக்கு நேரே வெறும் அண்ணாச்சி. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், மேலகரத்தில், நொச்சி வேலிக்குப் பின்னால் அவர் வீடு. நாற்பது வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. பெண் கொடுக்க வந்தவர்கள் வீட்டு வாசனையிலேயே திரும்பிவிட்டதாகக் கேள்வி. நொச்சி, தழுதாழை, வாதநாராயணன், முடக்கத்தான் என்று மலையடியில் முளைக்கிற இலையெல்லாம் அவர் உரலில் இடிபட்டுச் சாறாகும். சாற்றோடு நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் சேர்த்து, சின்னத் தீயில் நாள் முழுக்கக் காய்ச்சுவார். திரியை அதில் நனைத்துக் கொளுத்திப் பார்ப்பார். படபடவென்று பொரிந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். சத்தமில்லாமல் எரிந்தால் தைலத்தை இறக்கிவிடலாம். சாரல் காலத்தில் அதைப் புட்டிகளில் அடைத்து ஐந்தருவிப் பாதையில் உட்கார்ந்து விற்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அதனால் புட்டிக் கழுத்தில் லேபிளுக்குப் பதில் நூல். ஒரு முடிச்சு முழங்கால், இரண்டு முடிச்சு இடுப்பு, மூன்று முடிச்சு தோள்.

இதுவரை எல்லாம் சரி. கோளாறு இனிமேல்தான். தமக்கு வராத வலிக்கு அவர் தைலம் கொடுக்கமாட்டார்.

“நான் போகாத ஊருக்கு நான் எப்பிடிவே வழி சொல்ல?” என்பார்.

அவர் உடம்போ கருங்கல். தலைவலி, பல்வலி எதுவும் தானாக வந்ததில்லை. ஆகவே ஒவ்வொரு வலியையும் அவர் பாடுபட்டுத்தான் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

ஒரு சாரலில் மதுரைப் பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் முழங்கால் வலியோடு வந்தார். ‘படியேறினால் வருகிற வலி’ என்றார். முடிச்சு போட்ட புட்டி எதிரிலேயே இருந்தது. ஆனால் அது நடந்து வந்த வலிக்கு உரியதாம், ஏறி வந்த வலிக்கு ஆகாதாம். மறுநாளிலிருந்து அண்ணாச்சி ஒரு மண்மூட்டையைத் தூக்கிக்கொண்டு செண்பகாதேவி அருவிப் பாதையில் ஏறி இறங்க ஆரம்பித்தார். ஜவுளிக்கடைக்காரர் தினமும் வந்து விசாரித்துவிட்டுப் போவார்.

“என்ன, வந்துச்சா?”

“எங்க! வருவனான்னு அடம் புடிக்கு. நாளைக்குப் பாப்போம்.”

பத்தாம் நாள் வலி வந்தது. வலது முழங்காலில். ஜவுளிக்கடைக்காரருக்கு இடது. “நாலு நாள் பொறுத்துக்கிடுங்க, காலை மாத்தி ஏறிப் பாக்கேன்” என்றார் அண்ணாச்சி. ஆனால் பத்து நாளும் வேலைவெட்டி இல்லாமல் அருவியில் நின்ற ஜவுளிக்கடைக்காரருக்கு அதற்குள் வலி போய்விட்டது. ரயிலேறிவிட்டார். “ஒரு வார்த்த சொல்லாம வலிய விட்டுட்டாரு பாத்தியளா!” என்று ஒரு மாதம் எல்லாரிடமும் குறைப்பட்டுக்கொண்டார் அண்ணாச்சி.

செங்கோட்டை பஸ் டிரைவருக்கு இடுப்பு வலி வந்தபோது மூன்று நாள் அந்த பஸ்ஸிலேயே குடியிருந்தார். கடைசி சீட், சக்கரத்துக்கு நேர் மேலே.

“தம்பி, அந்தக் குழியில ஏன் விடலை?”

“விட்டா பஸ்ஸு ஒடைஞ்சிரும் அண்ணாச்சி.”

“பஸ் ஒடைஞ்சா மொதலாளி பாத்துக்கிடுவாரு. என் இடுப்பு நாளைக்குள்ள ஒடைஞ்சாவணும். வளைச்சு விடுப்பா!”

டிரைவருக்கும் வேறு வழியில்லை. அவருக்குத் தைலம் வேண்டும். வளைத்து விட்டார். முட்டைக் கூடையோடு வந்த செங்கோட்டைக்காரி ஒருத்தி அன்றைக்குத் தமிழிலும் மலையாளத்திலும் கொடுத்த சாபத்தை அந்த பஸ்ஸில் போனவர்கள் இன்னும் மறக்கவில்லை. நாதஸ்வரக்காரருக்குத் தாடை வீங்கியதும், அண்ணாச்சி இரவல் நாதஸ்வரத்தோடு வீட்டுக்குள் உட்கார்ந்ததும், மேலகரத்து மாடுகள் இரண்டு நாள் பால் கொடுக்காததும் தனிக்கதை.

தூரத்திலிருந்து கேட்டால் இதெல்லாம் சிரிப்புத்தான். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது, எங்கள் அம்மாவுக்குக் கை வீங்கும்வரை.

எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆளும் நான். இதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை, அப்போதும் சொன்னதில்லை. நான் நாலாம் வகுப்பில் இருக்கும்போதே அப்பா போய்விட்டார். பிறகு தென்காசியில் எங்கள் தெருப் பெண்கள் எல்லாரையும்போல அம்மாவும் சுளகு என்கிற முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றித்தான் என்னைப் படிக்கவைத்தாள். ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. ஜூன் பிற்பகுதியில் சேர வேண்டும். மே மாதத்தில் அம்மாவின் வலது மணிக்கட்டு கொழுக்கட்டையாக வீங்கிவிட்டது.

கணக்கு எளிது. அம்மாவின் கை ஓய்ந்தால் சுளகு என் மடிக்கு வரும். என் இடம் வேறொருத்திக்குப் போகும். கையிலிருந்தது ஐந்து வாரம்.

ஆஸ்பத்திரியில் வெள்ளை மாத்திரை கொடுத்து, கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். “ஓய்வையும் அவுகளே பொட்டலம் கட்டிக் குடுத்தா நல்லாருக்கும்” என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் மேலகரத்துக்கு ஓடினேன்.

“அண்ணாச்சி, அம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கிட்டு. ஒரு புட்டி குடுங்க.”

“எதனால வந்துச்சு?”

“பீடி சுத்தித்தான்.”

அவர் முகம் மலர்ந்தது.

“பீடி வலியா! அது எங்கிட்ட இல்லியே ஏட்டி!”

“ஐயோ அண்ணாச்சி, தோள் தைலமோ கால் தைலமோ ஏதாவது ஒண்ணு குடுங்க. எல்லாத்துலயும் அதே நொச்சிதானே?”

“எலை ஒண்ணுதாம்ட்டி. எங்கன அழுத்தணும், எம்புட்டுச் சூட்டுல தேய்க்கணும், எங்கன கை வைக்கவே கூடாதுன்னு எனக்குத் தெரியாண்டாமா?”

நான் விடவில்லை. இலையின் சத்து எண்ணெயில் இறங்குகிறது, சாற்றிலுள்ள தண்ணீர் ஆவியாகிறது, இதில் காய்ச்சுகிறவரின் கை வலிக்க வேண்டும் என்று ரசாயனத்தில் எங்கும் சொல்லவில்லை என்று நின்ற இடத்திலேயே ஒரு பாடம் நடத்தினேன். அவர் வாயைப் பிளந்து கேட்டார்.

“எஸ்ஸெல்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் மரியாதையாக. அன்றிலிருந்து அவருக்கு என் பெயர் எஸ்ஸெல்சி. மறுநாள் காலையில் கையில் புதுச் சுளகோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

எங்கள் வீட்டு முன்கூடமான தார்சாவில் ஆறேழு பெண்கள் கூடிப் பீடி சுற்றுவது வழக்கம். அந்த வட்டத்துக்கு நடுவில் இந்த ஆகிருதி சம்மணம் போட்டு உட்கார்ந்தது. பக்கத்து வீட்டு மைமூன் அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. அவள் வீட்டுக்காரர் கொழும்பில் இருந்தார். அவருக்குச் சேரவேண்டிய பேச்சும் எங்களுக்கே வந்து சேரும்.

“அண்ணாச்சி, இது என்னது? பீடியா, வாழப்பூவா?”

“மொத பீடி அப்பிடித்தாம்மா இருக்கும்.”

“மொத பீடியா? இது எண்பதாவதுல்லா!”

அவருக்குப் புகையிலைத் தூள் ஆகாது. தும்முவார். தும்மினால் ஏழு சுளகிலும் உள்ள தூள் பறக்கும். இலையை வெட்டச் சொன்னால் விரலை வெட்டிக்கொள்வார். வெட்டுக்காயத்துக்குத் தைலம் ஏற்கெனவே இருக்கிறது என்று அதிலும் அவருக்கு ஒரு சலிப்பு.

“அண்ணாச்சி, எனக்கு ஒரு சந்தேகம்” என்றாள் ஒருநாள் மைமூன் அக்கா. “பிரசவ வலிக்கு யாராச்சும் தைலம் கேட்டா என்ன செய்வியோ?”

பெண்கள் எல்லாரும் சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. வெகு நேரம் யோசித்தார்.

“அதை மட்டும் டாக்டரம்மாவுக்கு விட்டுட்டேன்” என்றார். விட்டதில் அவருக்கு உண்மையாகவே வருத்தம் இருந்தது.

நான் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைக் கிழித்துக் கிழித்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம். பத்து நாள். அம்மாவோ வீங்கின கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாதி வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“நீங்க பேசாம புட்டியக் குடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி. பிள்ள பள்ளிக்கூடம் சேரணும்” என்று அவளும் சொல்லிப் பார்த்தாள்.

“செத்த பொறு தங்கச்சி. லேசா வாற மாதிரி இருக்கு.”

பன்னிரண்டாம் நாள் முற்பகலில் “வந்துட்டு! வந்துட்டு!” என்று ஒரு கூப்பாடு. எதிர்வீட்டில் சினையாக நின்ற பசு கன்று போட்டுவிட்டதாக நினைத்துத் தெருவே ஓடி வந்தது. அண்ணாச்சி பெருவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்.

“நகத்தடியில சுரீர்ங்கு. கழுத்துல பின்னாடி இழுக்கு. இதான் பீடி வலி! தங்கச்சி, ஒனக்கு எங்கன இருக்கு, காட்டு.”

அம்மா மணிக்கட்டைக் காட்டினாள். பெருவிரல் வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை. கழுத்து? இல்லை. மணிக்கட்டை எந்தப் பக்கம் திருப்பினால் வலி என்று கேட்டார். அம்மா திருப்பிக் காட்டி முகத்தைச் சுளித்தாள். அண்ணாச்சியின் முகம் விழுந்துவிட்டது.

“இது பீடி வலி இல்ல” என்றார். “எஸ்ஸெல்சி தப்பாச் சொல்லிட்டா.”

எனக்கு வந்த கோபத்தில் அவருடைய எண்பது வாழைப்பூவையும் அவர் தலையிலேயே கொட்டியிருப்பேன். பன்னிரண்டு நாள்! தப்பு என்னுடையதாம்!

அவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அம்மா ஒரு நாளில் என்னென்ன செய்கிறாளோ அத்தனையையும் வரிசையாகச் செய்து பார்ப்பது. ஒரு நாள் முழுக்க ஆட்டுரலோடு மல்லுக்கு நின்றார். புஜம் வலித்தது, மணிக்கட்டு வலிக்கவில்லை. தெருவே மூன்று நாள் தோசை தின்றது. பிறகு கிணற்றடிக்கு வந்தார்.

எங்கள் தெருக் கிணறு ஆழம். கோடையில் தண்ணீர் அடிக்குப் போய்விடும். கப்பி உடைந்து விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கைப்பிடிச் சுவரில் வயிறு பட நின்று, கயிற்றை வெறுங்கையால் இழுத்துத்தான் இறைக்க வேண்டும். அண்ணாச்சி கயிற்றைப் பிடித்ததும் தெருப் பெண்களுக்கு அடித்தது யோகம். குடத்தோடு வரிசை நின்றார்கள். அழுக்குத்துணி, மாட்டுத்தொட்டி, செடிகொடி எல்லாவற்றுக்கும் தண்ணீர் போயிற்று. “அண்ணாச்சி, அவசரப்படாதிய. வலி பைய வரட்டும்” என்று மைமூன் அக்கா பன்னிரண்டாவது குடத்தை நீட்டினாள்.

மூன்றாம் நாள் அவருடைய வலது மணிக்கட்டு கொழுக்கட்டையாக வீங்கிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் கையையும் தம் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஜோடி வளையல்போல ஒரே மாதிரி இருந்தன. அவர் கண்ணில் ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

“தங்கச்சி, ஒரு நாளைக்கு எத்தன கொடம்?”

“பதினஞ்சு இருக்கும்.”

“எஸ்ஸெல்சி எத்தன இறைப்பா?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

“அவ படிக்குத பிள்ள அண்ணாச்சி. எழுதுத கை காய்ச்சுப் போயிரும்லா. நாந்தான் கயித்தத் தொடாதன்னுட்டேன்.”

“பரீச்ச முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சே?”

அவர் குத்திக்காட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எந்த வேளையில் எந்த வேலை என்று குறித்துக்கொள்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார். பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போன நாளிலிருந்து நான் கிணற்றுக் கயிற்றைத் தொட்டதில்லை. அது அம்மாவின் உத்தரவு. ஆனால் அந்த உத்தரவை நான் ஒரு நாளாவது மீறப் பார்த்தேனா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

வீங்கின கையோடே இலை இடித்து, இரண்டு நாள் காய்ச்சினார். திரி சத்தமில்லாமல் எரிந்தது. புட்டிக் கழுத்தில் நாலு முடிச்சு போட்டு அம்மாவிடம் கொடுத்தார். “காலையிலயும் சாயங்காலமும் இளஞ்சூட்டுல மேலயிருந்து கீழ தடவு. எலும்பு முட்டுல அழுத்தாத. பீடி மெதுவாச் சுத்தலாம். கயிறு ஆகாது.”

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மருந்து ஒங்கம்மைக்கு. பத்தியம் ஒனக்கு.”

“எனக்கா?”

“இருவத்தோரு நாள். பதினஞ்சு கொடம். ஒரு கொடம் கொறைஞ்சாலும் மருந்து முறிஞ்சிரும்.”

“மருந்து ஒருத்திக்கு, பத்தியம் இன்னொருத்திக்கா? எந்தச் சாஸ்திரத்துல இருக்கு அண்ணாச்சி?”

“கைக்கு ஆகாதத நிறுத்துததுதான் பத்தியம். ஒங்கம்ம நிறுத்துனா வீட்டுல தண்ணி யாரு எடுப்பா? ரசாயனத்துல இருக்கான்னு பாரு.”

அம்மா “அதெல்லாம் வேண்டாம், பிள்ள கை…” என்று ஆரம்பித்தாள். “அப்பம் புட்டியத் திருப்பிக் குடு” என்று கையை நீட்டினார். அம்மா புட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

பள்ளி திறக்கப் பதினேழு நாள்தான் இருந்தது. அதைச் சொன்னதும் “மிச்ச நாலு நாளு நான் பாத்துக்கிடுதேன்” என்று முடித்துவிட்டார்.

முதல் நாள் ஏழாவது குடத்திலேயே எனக்கு உள்ளங்கை கொப்பளித்தது. இரண்டாம் நாள் தோள் கழன்றுவிடும்போல இருந்தது. மூன்றாம் நாள் காலை, பாதிக் கிணற்றில் வாளி தொங்கிக்கொண்டிருக்கையில், எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பௌதிகப் பரீட்சையில் கப்பியின் பயன் என்ன என்ற கேள்விக்கு நான் படத்தோடு விடை எழுதி முழு மார்க் வாங்கியிருந்தேன். இரண்டு வருஷமாக எங்கள் கிணற்றில் கப்பி இல்லை. இந்த இரண்டையும் என் மூளை ஒன்றுசேர்க்க எனக்கு மூன்று நாள் கயிறு இழுக்க வேண்டியிருந்தது.

வாளியை அப்படியே கட்டிப் போட்டுவிட்டுக் கொல்லுப்பட்டறைக்கு ஓடினேன். மைமூன் அக்கா வீட்டுக்கு வீடு போய்ச் சத்தம் போட்டுக் காசு திரட்டினாள். சாயங்காலத்துக்குள் கிணற்றில் புதுக் கப்பி சுழன்றது. மறுநாள் பதினைந்து குடத்தை நான் பாட்டுப் பாடாத குறையாக இறைத்தேன். அண்ணாச்சி மெச்சிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன்.

வந்தார். பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“கெடுத்துட்டியேட்டி! ஒங்கம்மைக்குக் கை சரியானா அது என் தைலத்துலயா, கப்பியிலயான்னு நான் எப்பிடிக் கண்டுபிடிக்க? கோட்டிக்காரி! இருவத்தோரு நாள் பொறுக்கக் கூடாதா?”

“அம்மாவுக்குச் சரியானா போதாதா?”

“ஒனக்குப் போதும். அடுத்தாப்புல வாறவளுக்கு நான் என்ன சொல்லட்டும்? தைலம் குடுக்கட்டா, கப்பி மாட்டட்டா?”

அவர் தம் கையில் மட்டும் தைலம் தடவாமல் விட்டுப் பார்த்தார், ஒப்பிட்டுப் பார்க்கவாம். அது பத்து நாளில் வற்றியது. அம்மாவுடையது எட்டு நாளில் வற்றியது. “ரெண்டு நாளு என் தைலம்” என்று சொல்லித் திரிந்தார். அம்மாவுக்கு முன்னால் அந்தக் கணக்கை மறுத்துப் பேச யாருக்கும் தைரியம் வரவில்லை.

நான் பயிற்சிப் பள்ளிக்குப் புறப்பட்ட காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள். அவ்வளவு இறுக்கமாக அவள் பின்னி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நெற்றித்தோலே பின்னால் போயிற்று. வலித்தது. நான் மூச்சு விடவில்லை. என் மிச்சப் பத்தியத்தை இறைக்க வந்த அண்ணாச்சி குடத்தோடு வாசலில் நின்றிருந்தார். சடை வலி என்று அவர் காதில் விழுந்தால் அன்றைக்கே முடி வளர்க்கத் தொடங்கிவிடுவார்.

இப்போது நான் ராயகிரியில் ஆசிரியை. ஒரே கூடத்தில் மூன்று வகுப்பு. நாள் முழுக்கக் கரும்பலகையில் கையை உயர்த்தி எழுதியதில் சென்ற மாதம் வலது தோள் பிடித்துக்கொண்டது. மூன்று முடிச்சுப் புட்டி ஒன்று வாங்கி அனுப்பும்படி அம்மாவுக்குக் கடிதம் போட்டேன். வாசித்துக் காட்டியது தபால்காரர். அம்மா பஸ்ஸேறி நேரிலேயே வந்துவிட்டாள். கையில் முறுக்கு இருந்தது. புட்டி இல்லை.

“புட்டி எங்கம்மா?”

“கேட்டேன்ட்டி. மூணு முடிச்சு மூட்ட தூக்குன தோளுக்காம். சாக்பீஸ் தோளு அவருகிட்ட இல்லியாம்.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. “அதுக்கு?”

“ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கிட்டாரு. வீட்டுச் சுவத்துக்குக் கரியப் பூசி, காலையிலருந்து சாயங்காலம்வர நின்னு எழுதுதாரு.”

“அவருக்குத்தான் ஒரு எழுத்தும் தெரியாதே அம்மா?”

“தபால்காரர்ட்ட ஒரு வார்த்த எழுதி வாங்கி வச்சிருக்காரு. அதையே பாத்துப் பாத்து எழுதுதாரு. சுவரு பூரா அதான். மொதல்ல கோழி கிண்டுன மாதிரி இருந்துச்சு. இப்பம் மைமூன் மவளே வாசிச்சிருதா.”

“என்ன வார்த்தை?”

“எஸ்ஸெல்சி.”

வலி இன்னும் அவருக்கு வந்தபாடில்லையாம். எனக்குத் தோள்வலி போன வாரமே போய்விட்டது. அதை மட்டும் நான் இன்னும் ஊருக்கு எழுதவில்லை.